பட்டவர்க்கே தெரியும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது எங்கள் அம்மாச்சி அடிக்கடி சொல்லும் பழமொழி. சிறு வயதில் அதை ஒரு திட்டு என்றே நான் எண்ணியிருந்தேன். அடுத்தவர் வலியை மதிக்காதவர்களைக் குத்திக் காட்டத்தானே அதைச் சொல்கிறார்கள்? ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னொரு பொருளும் கிடைக்கிறது. தலைவலி வந்து போனவருக்குத் தலைவலியைத் தெரியும். அப்படியானால் இப்போது தலைவலியால் துடிக்கிறவருக்கு அவர் துணையாக இருக்கலாம் அல்லவா? உடல் நோயில் இது பெரிய செய்தி இல்லை. மனம் நோவுறும்போது இது மிகப் பெரிய செய்தி. அதைப் பற்றி நான் கண்டதையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது என் அம்மாவின் கதை. அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி பிறந்தான். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளை, அதுவும் ஆண் பிள்ளை. வீட்டில் மகிழ்ச்சிக்குக் கேட்க வேண்டுமா? தெரு முழுவதும் சீனி மிட்டாய் கொடுத்தோம். ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து அம்மா அம்மாவாக இல்லை. பிள்ளை தூங்கினாலும் அம்மா தூங்குவதில்லை. காரணம் இல்லாமல் கண்ணீர் வடியும். பால் கொடுக்கக் கூப்பிட்டால், “எனக்குப் பயமா இருக்கு, நீயே வச்சுக்க” என்பார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. அப்போது என்னிடம் காரணம் கேட்ட ஆசிரியைக்கு ‘காய்ச்சல்’ என்று சொன்னேன். அதுதான் சொல்லக் கூடிய காரணமாக எனக்குத் தோன்றியது.

பச்சை உடம்பில் காற்று கருப்பு பட்டுவிட்டது என்றார்கள். கோடாங்கியிடம் போனோம். உடுக்கை அடித்துக் குறி சொல்லி, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். நேர்ந்துகொண்டதில் தவறில்லை, அம்மா குணமான பிறகு போய்க் கும்பிட்டும் வந்தோம். ஆனால் மூன்று வாரம் வீணாகப் போயிற்று. தம்பிக்குத் தடுப்பூசி போட வந்த சுகாதார நர்ஸ் அக்காதான் பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். “தூக்கம் வருதாம்மா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மா தேம்பித் தேம்பி அழுதார். மறுநாளே அப்பா அம்மாவை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார்.

பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பல தாய்மார்களுக்கு உண்டு. அது தானாகவே இரண்டு வாரத்துக்குள் மாறிவிடும். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, அழுகை, அச்சம், பிள்ளையின் மேல் பற்றின்மை எல்லாம் தொடர்ந்தால் அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற தாய்மார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் இந்தச் சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐந்தில் ஒருவர்! எங்கள் தெருவில் மட்டும் எத்தனை அம்மாக்கள் என்று நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இது எதுவும் தெரியாது. உலகத்தில் எங்கள் அம்மாவுக்கு மட்டும் இப்படி வந்துவிட்டது என்றே நினைத்தோம்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். மாத்திரை சாப்பிட்டால் வாய் உலர்கிறது, நோயோ அப்படியே இருக்கிறது, இனி வேண்டாம் என்று ஐந்தாம் நாள் முடிவு செய்துவிட்டார். அப்பா கெஞ்சிப் பார்த்தார். அம்மாச்சி அதட்டிப் பார்த்தார். “உனக்கு என்ன குறை? தங்கம் போலப் பிள்ளை, குடிக்காத புருஷன்” என்று வந்தவரெல்லாம் சொன்னார்கள். அவ்வளவும் உண்மைதான். அதைக் கேட்கக் கேட்க அம்மா இன்னும் சுருங்கிப் போனார். குறை ஒன்றும் இல்லாதபோதும் அழுகிற தான் எவ்வளவு கெட்டவள் என்றே அம்மாவுக்குத் தோன்றியதாம். இதை அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அப்போது எதிர் வீட்டு அத்தை வந்தார். அம்மாவுக்கு அவர் மதினி முறை. பூக்கட்டி விற்பவர். ஒரு கூடை உதிரி மல்லிகையும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினார். கொஞ்சம் பூவை அம்மாவின் மடியிலும் போட்டார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் மூத்தவன் பிறந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு தாயி. பிள்ளையைத் தூக்கினா கீழ போட்டுருவோமோன்னு கை நடுங்கும். நானும் மதுரைக்குப் போயி மாத்திரை சாப்பிட்டவதான். மூணு வாரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் காலையில பசிக்கும். அது வரைக்கும் பொறு.”

அம்மா தலையை நிமிர்த்தி, “நெசமாவா மதினி?” என்று கேட்டார். வாரக்கணக்கில் அம்மா கேட்ட முதல் கேள்வி அது.

அந்த அத்தையின் மூத்த மகன் அப்போது ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் தினமும் சைக்கிளில் போவார். அம்மா அவரை அதற்கு முன் ஆயிரம் முறை பார்த்திருப்பார். அன்றைக்கு மாலை அவர் போனபோது எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார். மாத்திரையை நிறுத்தவில்லை. மூன்று வாரம் என்று அத்தை சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்தது. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். மருத்துவரும் அதைச் சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் சொன்னவரின் முகத்தைப் பொறுத்தே சில சொற்கள் காதில் ஏறுகின்றன போலும்.

எங்கள் வீட்டில் தற்செயலாக நடந்த இது உலகத்தில் வேறு எங்கேனும் நடந்திருக்கிறதா என்று அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. எங்கள் நூலகப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் கேட்டேன். அவர் முதலில் சொன்னது ஒரு புனிதரின் வரலாறு.

புனித இறை யோவான் 1495ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் பிறந்தவர். ஆடு மேய்த்தார், போர்வீரராக இருந்தார், பிறகு ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரில் புத்தகக் கடை வைத்திருந்தார். அவிலா யோவான் என்ற குருவின் மறையுரையைக் கேட்டு மனம் குலைந்து, தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் ஓடினார். இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தார். பித்தர் என்று பிடித்து அரச மருத்துவமனையில் அடைத்தார்கள். அக்காலத்தில் பித்தத்துக்குச் சிகிச்சை கட்டிப்போட்டுச் சாட்டையால் அடிப்பதுதான். அவரும் அடிபட்டார். தம்மோடு கிடந்தவர்கள் அடிபடுவதையும் கண்டார். வெளியே வந்ததும், நோயாளிகளை அன்போடு நடத்த ஒரு மருத்துவமனையைத் தாமே கிரனாடாவில் தொடங்கினார். 1550 மார்ச் 8ஆம் நாள் இறந்தார். 1690இல் புனிதர் பட்டம் பெற்றார். இன்று நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர் அவர். சாட்டையடி எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர்தான் சாட்டை இல்லாத மருத்துவமனையை எண்ணினார் என்பதைக் கவனியுங்கள், தோழியரே.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே ஒருவர் உண்டு. திருமதி சாந்தி ரங்கநாதன், டி.டி.கே. குடும்பத்தின் மருமகள். அவருடைய கணவர் குடிநோயால் 1979ஆம் ஆண்டு இறந்துபோனார். குடி என்பது கெட்ட குணம் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள். இன்றும் நம் ஊரில் அப்படித்தான் நினைக்கிறோம். அது சிகிச்சை அளிக்க வேண்டிய நோய் என்று உணர்ந்த அவர், மறு ஆண்டே, 1980இல், கணவரின் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். சென்னை அடையாறு பகுதியில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அதனுடையது. அங்கே குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை இல்லை. அவர் மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை உண்டு. இதை நினைத்தவர் ஒரு குடிநோயாளியின் மனைவி என்பதில் வியப்பென்ன? இரவில் கதவு தட்டும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நேர்கிறது என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வகுப்பிலும் அப்படிப் படுத்திருப்பவர்கள் உண்டு. யார் என்று நான் கேட்கவில்லை. 1992இல் அவருக்கு அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா விருதும் கிடைத்தது.

குடியை விட்டவர்கள் குடியை விட முயல்பவர்களுக்குத் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. தோற்றுவித்தவர்களில் ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் அறுவை மருத்துவர், இருவருமே குடிநோயாளிகள். இன்னொரு குடிநோயாளியோடு உட்கார்ந்து பேசும்போது மட்டும் குடிக்கும் ஆசை அடங்குகிறது என்பதை அந்தத் தரகர் கண்டுகொண்டார். அதாவது உதவி பெற்றவரைப் போலவே உதவி செய்தவரும் பிழைத்தார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக ‘அல்-அனான்’ என்ற அமைப்பு 1951இல் உண்டாயிற்று. நம் தமிழ்நாட்டிலும் இவற்றின் கூட்டங்கள் நடக்கின்றன.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி கோவாவில் நடந்திருக்கிறது. அதன் முடிவு 2019இல் வெளியாயிற்று. மனச்சோர்வுற்ற 280 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு அதோடு, அதே பகுதியில் வாழும் தாய்மார்கள் பயிற்சி பெற்று வீட்டுக்கே வந்து பேசினார்கள். அந்தத் தாய்மார்களுக்கு ‘சகி’ என்று பெயர். சகி என்றால் தோழி. குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சகிகள் வந்துபோன பிரிவில் குணமானவர்கள் அதிகமாக இருந்தார்கள். இந்தச் சகிகள் மருத்துவர்களும் அல்லர், பெரிய படிப்புப் படித்தவர்களும் அல்லர். பிள்ளை பெற்று வளர்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள். இதைப் படித்தபோது எனக்கு எதிர் வீட்டு அத்தையின் பூக்கூடைதான் நினைவுக்கு வந்தது. கோவாவில் பயிற்சி கொடுத்துச் செய்ததை அத்தை பயிற்சி இல்லாமலே செய்துவிட்டார் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பயிற்சி ஏன் வேண்டும் என்பது எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது.

நம் மாவட்டத்தில் வெடி ஆபீஸ் விபத்து என்பது புதிய செய்தி இல்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகும் ஆண்டுதோறும் ஏதாவது ஒன்று. சென்ற ஆண்டு எங்களுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வேலைக்குப் போன ஒருவர் அப்படி இறந்துபோனார். அவர் மனைவிக்கு இரண்டு சிறு பிள்ளைகள். அவர் சாப்பிடாமல், பேசாமல், பாயை விட்டு எழாமல் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு அம்மா போனார். தன்னை மதினி மீட்டது போல இவரைத் தான் மீட்க வேண்டும் என்ற எண்ணம் அம்மாவுக்கு. “உன் கஷ்டம் எனக்குத் தெரியும்மா. நானும் இப்படிக் கிடந்து எந்திரிச்சவதான்” என்று தொடங்கி, தன் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லியிருக்கிறார். அந்த அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாராம்: “ஒங்களுக்கு என்னக்கா தெரியும்? ஒங்க வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வருவாரு.”

அம்மா அழுதுகொண்டே வந்தார். அன்றிரவும் மறுநாள் இரவும் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று நானும் அப்பாவும் பயந்துபோனோம்.

எதிர் வீட்டு அத்தையிடம் அம்மா இதைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அத்தை கோபிக்கவில்லை. “அவ கஷ்டம் வேற, உன் கஷ்டம் வேற தாயி. ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கறது தூக்கம் வராதது மட்டும்தான். அதை மட்டும் பேசு. மிச்சத்தை அவ சொல்லட்டும்” என்றார். பிறகு, “நான் உன்கிட்ட என் கதையை எவ்வளவு நேரம் சொன்னேன்?” என்று கேட்டார். அம்மா யோசித்துப் பார்த்தார். ஒரு முழம் பூக் கட்டும் நேரம்கூட இருக்காது.

நான் படித்தவற்றில் பெரியவர்கள் எழுதியிருப்பதும் இதுதான். பட்டவர் தம் கதையைச் சொல்வது தம் பாரத்தை இறக்கி வைப்பதற்காக அல்ல. எதிரே இருப்பவரின் வாய் திறப்பதற்காக. அது திறந்துவிட்டால் நம் கதை முடிந்தது. நமது புண் ஆறாமல் இருக்கும்போது அடுத்தவர் புண்ணைத் தொடப் போனால் இரண்டு புண்ணும் கிளறிவிடும். ‘எனக்கு இந்த மாத்திரை கேட்டது, நீயும் சாப்பிடு’ என்று சொல்லவே கூடாது. ஒருவர் மருந்து இன்னொருவருக்கு ஆகாது. ‘மருத்துவரிடம் போக நானும் கூட வருகிறேன்’ என்று சொல்லலாம். நம் போன்ற மாணவியருக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு தோழி உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று நம்மிடம் சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்று அவள் சத்தியமே வாங்கியிருந்தாலும், அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சத்தியத்தை மீறுவது பாவமாகாது என்று சிஸ்டரும் சொன்னார். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நமக்கு அடுத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். மனநோய் கண்டவர்களுக்கு ஒரு சொல் உண்டு என்று எண்ணாதவர்களே அவர்களைச் சங்கிலியால் கட்டினார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அதோடு, நோயாளிகளின் முறையீட்டைக் கேட்கும் வாரியம் ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களை மனநோய் கண்டவர்களுக்கோ, அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ, அவர்கள் சார்பான அமைப்பினருக்கோ ஒதுக்கியிருக்கிறது. நீதிபதிக்கும் மருத்துவருக்கும் பக்கத்து நாற்காலி! அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பக்கத்துத் தெரு அக்காவின் கதையை முடிக்கவில்லையே. அம்மா மறுபடியும் போனார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு, ஒரு கிண்ணம் ரசம் வைத்துவிட்டு வந்தார். ஒரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு சாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் தூரத்து உறவில் ஒருவர், எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே போலக் கணவரை வெடி ஆபீஸ் விபத்தில் பறிகொடுத்தவர் என்பது அம்மாவின் நினைவுக்கு வந்தது. அருப்புக்கோட்டை வழியாக இரண்டு பேருந்து மாறிப் போய் அவரை அழைத்து வந்தார். அவர் வந்து அந்த அக்காவிடம் பேசியதெல்லாம் நிவாரணத் தொகைக்கு எந்த அலுவலகத்தில் என்னென்ன காகிதம் கொடுக்க வேண்டும், ராத்திரியில் பிள்ளைகள் ‘அப்பா’ என்று கேட்டால் என்ன சொல்வது, தீபாவளி அன்றைக்கு வெடிச் சத்தம் கேட்கும்போது எங்கே போய் இருப்பது என்பவைதாம். தீபாவளியைப் பற்றி எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. அந்த அக்கா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். பிறகு எழுந்து அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

இப்போது அந்த அக்கா மருத்துவரிடமும் போய் வருகிறார். முதல் முறை அம்மாதான் கூடப் போனார். மதுரைப் பேருந்தில் வாய் உலர்ந்தால் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்தக் கட்டுரையை ஆண்டு மலருக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பி மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். “கோடாங்கிகிட்டப் போனதையும் எழுதியிருக்கியா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அரிசிப் பானையையுமா?” என்றார். அதையும் எழுதியிருக்கிறேன் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.